மாதேவி திறந்த ஜன்னல்

அத்தியாயம் 14

வியாழக்கிழமையும் மாதேவி வரவில்லை.

காலை ஒன்பது மணிக்கு கௌதமி லேப்டாப்பைத் திறந்தாள். வெளியே பாக்குத் தோட்டம் பாதிக்கு மேல் பனியில் கரைந்திருந்தது. மரங்களின் அடிப்பகுதி மட்டும்தான் தெரிந்தது. தலைகள் எங்கோ போயிருந்தன. திரையில் ஒவ்வொரு பெயராக வந்து உட்கார்ந்தது. ஷாஹீன். கொட்ரேஷ். தேச்சம்மா. வழக்கமாக ஷாஹீனுக்கு அடுத்து எட்டிப் பார்க்கும் பெயர் மட்டும் திங்கட்கிழமையிலிருந்து காணோம்.

இந்தக் கதைக்குள் இன்றுதான் நுழைகிறீர்கள் என்றால் இரண்டு வார்த்தை. சிர்சியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் தோட்டத்து வீட்டுக்கு மருமகளாக வந்தவள் கௌதமி. மூன்று வருடமாக ஒரு பெங்களூரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். மழை எப்போது வரும், இலை ஏன் மஞ்சளாகிறது, எந்த மருந்தை எவ்வளவு கலக்கவேண்டும் என்று விவசாயிகள் போனில் கேட்பார்கள். பதில் சொல்வது ஒன்பது பேர். கர்நாடகத்தின் ஒன்பது மூலைகளில் ஒன்பது வீடுகள். அவர்களுக்குத் தலைவி கௌதமி.

ஒன்பது பேரில் யாரும் யாரையும் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் இந்த மலைப்பக்கத்து நெட்வொர்க் குரலைச் சுமந்து வருவதே பெரிய காரியம். முதல் மழையில் கேமராவை நிறுத்தினார்கள். பிறகு யாருமே போடவில்லை. வாட்ஸ்அப் படத்தில்கூட ஒருத்தி செம்பருத்திப் பூ, ஒருத்தன் நந்தி.

முகத்துக்குப் பதிலாக அவர்களுக்குக் கிடைத்தது ஜன்னல்.

ஒருநாள் பல்லாரிக் கொட்ரேஷ் மைக்கை அணைக்க மறந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். அவன் வீட்டு வழியாக ஓர் ஆட்டு மந்தை போனது. நூறு ஆடுகளின் மணிச் சத்தம். யாருக்கும் பேசத் தோன்றவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் ஒருவர் தன் வீட்டு ஜன்னலைத் திறந்து வைப்பார். இரண்டு நிமிடம் மற்ற எட்டுப் பேரும் பேசாமல் கேட்பார்கள். பிறகுதான் வேலை.

போன வாரம்தான் மேலதிகாரி சிதானந்த் குண்டு போட்டிருந்தார். பிள்ளையார் சதுர்த்தி முடிந்ததும் வீட்டு வேலை கிடையாது, எல்லாரும் ஹுப்பள்ளி அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும். "விட்டுடேன் அந்த வேலைய," என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டான் கௌதமியின் கணவன் ஸ்ரீபாத். அந்த ஒரு வரி வீட்டுக்குள் இன்னும் நடமாடிக்கொண்டிருந்தது.

இன்று காலை எட்டரைக்கு சிதானந்திடமிருந்து அடுத்த போன்.

"மூணு நாளா ஒரு ஆளக் காணோம். உங்க டீமுக்கே தெரியல. இதுக்குத்தான் ஆபீஸுன்னு ஒண்ணு வேணும்கறது. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பேன், அதுக்கப்புறம் அந்தப் பேர எடுத்துடுவேன்."

"சார், அவளுக்கு என்ன ஆச்சுன்னே தெரியாம..."

"அதத்தான் நானும் கேக்கறேன். உங்களுக்கு ஏன் தெரியல?"

அந்தக் கேள்வியோடுதான் ஒன்பது மணிக்குத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு மாதேவி முறை அக்கா," என்றான் கொட்ரேஷ். அவன் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

"போன்?"

"சுவிட்ச் ஆஃப். நேத்தே இருபது தடவ போட்டேன்."

"ஆபீஸ்ல குடுத்த விலாசம் ஹுப்பள்ளி ஹாஸ்டல்," என்றாள் கௌதமி. "அங்க பேசினேன். அவ காலி பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சாம். எங்க போனான்னு தெரியாதாம்."

இரண்டு வருடம் தினமும் பேசியிருக்கிறார்கள். அவளுக்கு முட்டை பிடிக்காது என்று தெரியும். இடி இடித்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவாள் என்று தெரியும். ஊர் தெரியாது. கேட்டால், "கடற்கரைப் பக்கம்," என்று சிரித்துவிடுவாள். யாரும் துருவிக் கேட்டதில்லை.

பீதரிலிருந்து ஷாஹீன் தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஜன்னல் சத்தத்த யாரும் பதியக்கூடாதுன்னு பேசி வச்சிருக்கோம். நான் ஒண்ணு பதிஞ்சு வச்சிருக்கேன். மாதேவியோடது. என் கைக்குழந்தைக்கு அதப் போட்டாத்தான் தூக்கம் வருது."

"அனுப்பு," என்றாள் கௌதமி.

அனுப்பியதைக் கூடத்தில் உட்கார்ந்தே போட்டாள். முதலில் காற்று. ஏதோ ஒரு நீர்ப்பறவை. பிறகு எதையோ கொட்டுகிற சத்தம். சலசலவென்று, நீளமாக, உலர்ந்ததுமில்லை ஈரமுமில்லை. அதற்குமேல் ஒரு ரயில். தலைக்கு மேலே போவதுபோல நெடுநேரம் போனது.

அடுக்களையில் கீரை கிள்ளிக்கொண்டிருந்த மாமியார் கமலாக்ஷி எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

"இன்னொரு தடவ போடு."

கௌதமி திரும்பிப் பார்த்தாள். இந்த வேலையைப் பற்றி மாமியார் சொன்னது இதுவரை ஒரே விஷயம்தான்: சுவரோடு பேசுகிற உத்தியோகம்.

மறுபடி போட்டாள்.

"அது சிப்பி," என்றாள் கமலாக்ஷி. "ஆத்துல அள்ளின சிப்பியக் கூடையிலருந்து குவியல்ல கொட்டறாங்க. மேல போறது பாலத்து ரயில். நம்ம அகநாசினி ஆத்துப் பாலம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"நான் பொறந்தது எங்கடீ? மிர்ஜான்ல. கல்யாணம் ஆகிற வரைக்கும் இந்தச் சத்தத்துலதான் முழிச்சேன், பாலம் மட்டும் பிற்பாடு வந்தது." கையில் இருந்த கீரையை அப்படியே மேசையில் வைத்தாள். "கிளம்பு. நானும் வரேன்."

முற்றத்தில் ஸ்ரீபாத் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்துகொண்டிருந்தான். நீல நீலமாக நாலு பீப்பாய். பத்து நாளைக்குப் பிறகு மழை விட்டிருந்தது. மரமேறி மருந்தடிக்க ஆட்கள் வந்து நின்றார்கள். இன்று விட்டால் காயெல்லாம் அழுகி உதிரும்.

"ஆயி, நீயா? உனக்கு பஸ்ல வாந்தி வருமே!"

"எலுமிச்சம்பழம் எடுத்துக்கிட்டேன்."

"இன்னைக்குன்னு பார்த்து வீட்ல ஒருத்தரும் இல்லன்னா எப்படி? இத்தனை ஆளுக்கும் நடுவுல குடிக்கக் கஷாயம் யாரு போடறது?"

"உனக்குக் கை இருக்கில்ல?" என்றாள் தாய்.

ஸ்ரீபாத் மனைவியைப் பார்த்தான். "முகம் தெரியாத ஒருத்தியத் தேடியா போற?"

"ஆமா," என்றாள் கௌதமி.

கிளம்பும்போது கொட்ரேஷிடமிருந்து செய்தி வந்திருந்தது. 'போய்ட்டு வாங்க அக்கா. உங்களுக்கு வர்ற போன எல்லாம் நாங்க பங்கு போட்டு எடுத்துக்கறோம். தேச்சம்மா மதியச் சாப்பாட்டுக்கே எழுந்திருக்கப் போறதில்லையாம்.'

*

தேவிமனை மலையிறக்கத்தில் பேருந்து பனிக்குள் நுழைந்தது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் மிதந்து மிதந்து போனது. பக்கத்தில் பள்ளம் இருக்கிறதா காடு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஓட்டுநர்கூடத் தூக்கத்தில் ஓட்டுகிறவர் மாதிரி மெல்ல வளைத்தார். யாரும் சத்தமாகப் பேசவில்லை.

கமலாக்ஷி எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று கௌதமி நினைத்தாள்.

"அந்த பீதர் பொண்ணு வீட்டுக் கிளி," என்றாள் கமலாக்ஷி கண்ணைத் திறக்காமலே, "இப்பல்லாம் கத்தறதில்லையே. செத்துப் போச்சா?"

கௌதமிக்கு ஒரு கணம் புரியவில்லை.

"அது... பக்கத்து வீட்டுக் கிளி. அவங்க வீடு மாத்திட்டாங்க. உங்களுக்கு எப்படி?"

"குடகுக்காரி தேச்சம்மா ஜன்னல்ல எப்பவும் சொட்டு சொட்டுன்னு தண்ணி விழும். ஓடு ஒழுகுதுன்னு நெனக்கறேன், சொல்லி வையி."

"நீங்க தினமும் கேக்கறீங்களா?"

"ஒன்பது மணிக்கு நம்ம வீட்ல என்னைக்காவது மிக்ஸி ஓடியிருக்கா? யோசிச்சுப் பாரு."

கௌதமி யோசித்தாள். ஓடியதில்லை. இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட. அடுக்களை அந்த நேரத்தில் மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அது அவள் காதில் விழவே இல்லை.

"அப்புறம் ஏன் அத்தை, சுவரோட பேசற, சுவரோட பேசறன்னு சொன்னீங்க?"

கமலாக்ஷி பழத்தை மறுபக்கம் திருப்பி முகர்ந்தாள்.

"பேசறே இல்ல? பல்லாரிக்காரனுக்குப் பல் வலின்னா மூணு தடவ விசாரிக்கற. எனக்கு முட்டி வலி வந்து நாலு மாசம். அந்தச் சுவரோட பேசற நேரத்துல கொஞ்சம் என்னோடயும் பேசேன்னு சொன்னேன். உனக்கு அது அப்படி விழல."

பேருந்து ஒரு வளைவில் நின்று எதிர் வண்டிக்கு வழி விட்டது. பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து இருவர் மடியிலும் உட்கார்ந்துவிட்டுப் போனது.

"எந்த முட்டி அத்தை?" என்றாள் கௌதமி.

"எடது."

அவள் அந்த முட்டியின் மேல் கையை வைத்தாள். கமலாக்ஷி கையை எடுக்கச் சொல்லவில்லை. கும்டா வந்து சேரும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

*

மிர்ஜானில் இறங்கி ஆட்டோ பிடித்தபோது மணி ஒன்றரை. கடலோடு சேர்ந்து ஆற்றில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. கழிமுகத்தில் வானமும் ஆறும் ஒரே சாம்பல் நிறம்; நடுவில் இடுப்பளவு நீரில் பெண்கள் நின்றார்கள். தண்ணீருக்குள் காலால் தடவித் தடவி, குனிந்து, எழுந்து, குனிந்து. தூரத்திலிருந்து பார்க்க ஏதோ மெதுவான ஆட்டம் போலிருந்தது. ரயில் பாலம் அவர்களுக்கு மேலே நீண்டு எதிர்க்கரை மூட்டத்துக்குள் போய் முடிந்தது.

கரையோரம் வெள்ளையாக ஒரு குன்று. எல்லாம் சிப்பி ஓடு.

கூடையோடு ஏறி வந்த ஒருத்தியை நிறுத்தி கமலாக்ஷியே கேட்டாள்.

"மாதேவின்னு ஒரு பொண்ணு. வீட்ல இருந்தே போன்ல வேலை பார்க்கிறவ."

"ஊருக்கெல்லாம் மருந்து சொல்லுதுங்களே, அந்தப் பொண்ணுங்களா?" என்றாள் அவள். "பாலத்துக்கு அடியில, நீலக் கதவு."

பொண்ணுங்களா? கௌதமி மாமியாரைப் பார்த்தாள். கமலாக்ஷி அதற்குள் சேற்றில் பாதி தூரம் போய்விட்டாள்.

நீலக் கதவைத் தட்டியதும் திறந்தவளுக்குப் பத்தொன்பது வயது இருக்கலாம். மெலிந்த முகம், முழங்கை வரை உப்பு பூத்த கை.

"யாரு வேணும்?"

அதே குரல். இரண்டு வருடமாகக் காதில் இருந்த குரலுக்கு உதடு, மூக்கு, மூக்குத்தி எல்லாம் ஒரே நொடியில் முளைத்துவிட்டன.

"மாதேவி, நான் கௌதமி."

அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"அக்கா... நான் மாதேவி இல்ல."

உள்ளே பாயில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு அவள் சொன்னாள். பெயர் நாகவேணி. மாதேவி அவளுடைய அக்கா. ஹுப்பள்ளியில் வேலை கிடைத்தது மாதேவிக்குத்தான். வீட்டிலிருந்தே செய்யலாம் என்றதும் ஊருக்கு வந்துவிட்டாள். அப்பா இல்லை. அம்மாவுக்கு ஆற்றில் துணை வேண்டும். ஆறு வற்றும் நேரம் தினமும் முக்கால் மணி தள்ளித் தள்ளிப் போகும்; அதற்கு எட்டு மணி நேர வேலை தெரியாது.

"அக்கா தண்ணில இறங்கினா நான் போன் எடுப்பேன். நான் இறங்கினா அவ எடுப்பா. எங்க குரல அம்மாவுக்கே பிரிச்சுத் தெரியாது."

"ரெண்டு வருஷமா?"

"மொதல் மாசத்துலருந்தே."

கௌதமி சுவரில் சாய்ந்துகொண்டாள். சில நாள் மாதேவி ஓயாமல் சிரிப்பாள். சில நாள் கேட்டதற்கு மட்டும் பதில் வரும். 'இன்னைக்கு எந்த மாதேவி?' என்று கொட்ரேஷ் கேலி செய்வான். அவன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான்.

"நீ சிரிக்கிறவளா, சிரிக்காதவளா?"

"சிரிக்காதவ," என்றாள் நாகவேணி. "பயமா இருக்கும் அக்கா. என்னைக்காவது மாட்டிப்போம்னு. ஆனா ஜன்னல் மட்டும் நான்தான் திறப்பேன். அவ அந்த முறைய எனக்கு விட்டுக்குடுத்துட்டா."

"அவ இப்ப எங்க?"

"தெரியல." அவள் அழ ஆரம்பித்தாள். "எல்லாரும் ஹுப்பள்ளி வரணும்னு சொன்னாங்கல்ல. ரெண்டு பேரும் போக முடியாது. நீ போ, நீ போன்னு ஞாயித்துக்கிழமை சண்டை. படகுல வச்சு. போன் தண்ணில விழுந்துடுச்சு. இருந்தது அது ஒண்ணுதான். திங்கக்கிழமை விடியக்காலைல எழுந்து பார்க்கறேன், அவ பாய் காலி. அம்மா கார்வாருக்குச் சித்தி வீட்டுல தேடப் போயிருக்கு. லேப்டாப்ப நான் தொடவே இல்ல. அது அவ வேலை. எந்த முகத்தோட உள்ள வர்றது?"

"முகத்த யாரு பார்த்தா?" என்றாள் கமலாக்ஷி. சொன்ன விதத்தில் நாகவேணிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

மேலே ரயில் போனது. வீடு முழுவதும் அதிர்ந்தது.

*

நாலேகாலுக்கு கௌதமியின் போன் அடித்தது. சிதானந்த். ஸ்பீக்கரில் போட்டாள்.

ஐந்து மணிவரை நேரம் இருக்கிறதே என்று அவள் ஆரம்பிப்பதற்குள் அவர் பேசினார்.

"உங்க மாதேவி இங்க பெங்களூருல என் ரூம்ல உக்காந்திருக்கா."

"சார்?"

"மூணு நாளா நம்ம கட்டட வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போயிருக்காளாம், காவல்காரர் சொல்றார். இன்னைக்குத்தான் உள்ள வந்தா. தான் ஒரு ஆள் இல்ல, ரெண்டு ஆள்னு சொல்றா. வேலைய தங்கச்சிக்குக் குடுங்க, நான் விலகிக்கறேன்கறா." அவர் குரல் கோபமாக இல்லை, களைத்திருந்தது. "கௌதமி, நேரடியாக் கேக்கறேன். இது உங்களுக்குத் தெரியுமா?"

நாகவேணி எதிரே இரண்டு கையையும் கோத்துக்கொண்டு நின்றாள்.

தெரியாது என்று சொன்னால் தலைவி தப்பித்துக்கொள்வாள். தெரியும் என்றால் மூன்று பேர் வேலை போகும்.

"காலைல தெரியாது சார். இப்பத் தெரியும். நான் அவங்க வீட்ல இருக்கேன்."

"யார் வீட்ல?"

"மாதேவி வீட்ல. அவ தங்கச்சி என் முன்னாடி நிக்கறா. ரெண்டு வருஷத்துல தப்பா மருந்து சொன்னதா இவங்க மேல ஒரு புகார் கிடையாது. சிப்பி அள்ளின கையோட வந்து உக்காந்து பேசியிருக்காங்க. இத நான் கவனிச்சிருக்கணும். கேட்டிருக்கணும். ஒவ்வொருத்தர் வீட்டுச் சத்தமும் எனக்குத் தெரியும்னு பெருமையா இருந்தேன், வீட்ல யார் யார் இருக்காங்கன்னு கேக்கல. தப்பு என்னோடது."

கமலாக்ஷி கையை நீட்டினாள். என்ன ஏதென்று யோசிப்பதற்குள் போன் அவள் காதில் இருந்தது.

"நான் கௌதமியோட மாமியார் பேசறேன். அந்தப் பொண்ணு சாப்பிட்டாளா?"

"என்னம்மா?"

"மூணு நாளா தெருவுல நின்னிருக்கான்னு நீங்கதானே சொன்னீங்க? சாப்பிட்டாளா?"

"காப்பி... குடுத்தோம்மா."

"மொதல்ல சோறு போடுங்க. தங்கச்சி பேசணும்கறா, அவகிட்ட போனக் குடுங்க. வேலை இருக்கா போச்சாங்கறத சாப்பிட்டப்புறம் பேசலாம். ஓடியா போகுது?"

பெங்களூருவில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், "நாகி?" என்றது.

நாகவேணி போனை வாங்கிக்கொண்டு நீலக் கதவுக்கு வெளியே ஓடினாள். சிப்பிக் குன்றின் மேல் உட்கார்ந்து அவள் பேசியது இவர்களுக்குக் கேட்கவில்லை. தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. அழுகையா சிரிப்பா என்று இருந்த இடத்திலிருந்து சொல்ல முடியவில்லை. ஆறு அவளுக்குப் பின்னால் திரும்பி ஏற ஆரம்பித்திருந்தது. பெண்கள் ஒவ்வொருவராகக் கரைக்கு வந்தார்கள்.

அரைமணி கழித்து சிதானந்த் மறுபடி பேசினார். நிர்வாகத்துக்கு அவர் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மறைக்க முடியாது. ஆனால் அதற்கு முன்னால் எல்லாரையும் ஒரே இடத்தில் நேரில் பார்க்க வேண்டும்.

"ஒன்பது பேரும். இல்ல, பத்து. எத்தனையோ. திங்கக்கிழமை. ஹுப்பள்ளில ஒரு ஹால் ஏற்பாடு பண்றேன். வீட்டு வேலை தொடருமா, இந்த ரெண்டு பொண்ணுங்க இருப்பாங்களா, எல்லாத்தையும் அங்க முடிவு பண்ணலாம்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கமலாக்ஷி குறுக்கே புகுந்தாள். "ஹால் எதுக்கு? எங்க வீட்டு மாடில இருபது பேர் படுக்கலாம். நீங்களும் வாங்க. மாதேவியக் கையோட கூட்டிட்டு வந்துடுங்க."

சிதானந்த் ஒரு மாதிரியாகச் சிரித்தார். "சிர்சிக்கு எந்த பஸ்ஸும்மா?"

*

திரும்பும் பேருந்தில் கூட்டம் இல்லை. மலை ஏற ஏற மேகம் பள்ளத்திலிருந்து சாலைக்கு நடந்து வந்தது. சாயங்கால வெளிச்சம் பாலில் மஞ்சள் கரைத்த நிறத்தில் இருந்தது.

கமலாக்ஷி விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். "பலா அப்பளம் நாப்பது போதுமா? பல்லாரிக்காரன் எவ்வளவு சாப்பிடுவான்? ஆள் பெரிய ஆளா?"

"தெரியாது அத்தை."

"குடகுக்காரி?"

"தெரியாது."

அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. கண்ணை மூடி ஒவ்வொரு குரலுக்கும் ஒரு முகம் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் நிற்கவில்லை, வைக்க வைக்கப் பனி மாதிரி கலைந்தது. திங்கட்கிழமை அவர்கள் படியேறி வரும்போது யார் யாரென்று எப்படித் தெரியும்? பேசினால்தான் தெரியும்.

ஸ்ரீபாத்துக்கு போன் போட்டாள்.

"திங்கக்கிழமை நம்ம வீட்டுக்குப் பத்துப் பதினோரு பேர் வர்றாங்க."

"யாரு?"

"என் ஆளுங்க."

அந்தப் பக்கம் தோட்டத்தின் ஈரம் கேட்டது. மருந்தடித்து முடித்து ஆட்கள் ஏதோ பேசிக்கொண்டே போகிறார்கள்.

"மாடில ஓடு மாத்தணும்," என்றான் ஸ்ரீபாத் கடைசியில். "ரெண்டு எடத்துல ஒழுகுது. ஞாயித்துக்கிழமைக்குள்ள பார்த்துடறேன். ஆயிக்கு வாந்தி வந்துச்சா?"

"இல்ல."

"கஷாயம் நான்தான் போட்டேன்," என்று சொல்லிவிட்டு வைத்தான்.

கௌதமி சிரித்துக்கொண்டே குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதினாள். இரண்டு மாதேவிகள், சிதானந்த், திங்கட்கிழமை. பதில்கள் மளமளவென்று விழுந்தன. தேச்சம்மா தேன் கொண்டுவருகிறாளாம். ராத்திரி ரயிலுக்கு இடம் இருக்கிறதா என்று கொட்ரேஷ் அதற்குள் பார்த்துவிட்டான். வேட்டியா பேண்ட்டா என்று சந்தேகம் கேட்டிருந்தான்.

ஷாஹீன் மட்டும் அதில் ஒன்றும் எழுதவில்லை.

பேருந்து உச்சியை எட்டும்போது தனியாக ஒரு செய்தி வந்தது.

'அக்கா, நான் மட்டும் வரலைன்னா பரவாயில்லையா? என்னைப் பார்த்தா நீங்க எல்லாரும் பழையபடி பேசமாட்டீங்க.'

கௌதமி இரண்டு முறை படித்தாள். 'சரி, உன் இஷ்டம்' என்று எழுதினாள். இன்று காலை வரைக்கும் என்றால் அவள் அப்படித்தான் எழுதி அனுப்பியிருப்பாள். அழித்தாள்.

பெயரைத் தொட்டு அழைத்தாள். பீதரில் மணி அடித்தது. மூன்றாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது.

"ஷாஹீன்," என்றாள் கௌதமி, "நான் கேக்கறேன். சொல்லு."